கோயில் வழி, கூடார வழி

இமயப் பயணத்தைத் தமிழர் முதலில் பாட்டில்தான் செய்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கேதாரத்தையும் இந்திரநீலப் பருப்பதத்தையும் அநேகதங்காவதத்தையும் பாடினார். அவர் காளத்தியில் இருந்தபடியே வடதிசைத் தலங்களைப் பாடியதாகச் சேக்கிழார் சொல்கிறார். சுந்தரரின் கேதாரப் பதிகத்துக்கும் அதே காளத்திதான் களம். பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகரைப் பாடினார். வைணவர் அதைத் தேவப்பிரயாகை என்று கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் பதரியையும் திருப்பிரிதியையும் சாளக்கிராமத்தையும் பாடினார். மலைமேல் ஒரு சாலைகூட இல்லாத காலத்திலேயே போகவேண்டிய இடங்களின் பட்டியல் தமிழில் தயாராகிவிட்டது.

போனவர்கள் மிகச் சிலர். கயிலைக்கு நடந்த அப்பரின் கதையே அதற்குச் சான்று. கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, உடலால் புரண்டு போனவரைச் சிவன் திருப்பி அனுப்புகிறார். ஒரு பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி காண்கிறார். பக்தியின் உச்சமான இந்தக் கதையில் ஒரு நடைமுறை ஏற்பாடும் இருக்கிறது: இமயம் போக முடியாதவருக்குத் திருவையாறு போதும். காளத்தி தென்கயிலாயம் ஆனதும் இதே வழியில்தான். கேதாரநாதரைப் பார்க்க மலையேற முடியாதவர் காசியின் கேதார் கட்டத்தில் கேதாரேசுவரரைக் கும்பிட்டுத் திரும்பினார். அங்கே பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் தமிழ் வழிப்போக்கருக்கு நிழலாக இருந்தது. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு வடநாட்டு யாத்திரை என்பது காசி, பிரயாகை, கயை என்ற மூன்றோடு முடிந்தது.

ஆனால் மலைமேல் தெற்கின் தடம் வேறு விதத்தில் நிலைத்துவிட்டது. பத்ரிநாத்தின் தலைமை அர்ச்சகரான ராவல், 1776 முதல் கேரளத்து நம்பூதிரி மரபிலிருந்தே வருகிறார். கேதார்நாத்தின் ராவல் கர்நாடக வீரசைவ மரபைச் சேர்ந்தவர். ஆறு மாதம் பனியில் புதைந்து கிடக்கும் கோயிலுக்குக் கடலோர ஊரில் பிறந்தவர் பூசை செய்யும் இந்த ஏற்பாட்டை மரபு ஆதிசங்கரரோடு சேர்த்துச் சொல்லும். எப்படியிருந்தாலும், தெற்கிலிருந்து களைத்துப் போய்ச் சேரும் யாத்திரிகருக்கு அந்த உயரத்தில் ஒரு தென்னாட்டுக் குரல் கேட்டது.

இமய யாத்திரையின் வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சிகரங்களையும் கோபுரங்களையும் விட இரவில் எங்கே படுத்தார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி. படுக்கும் இடம்தான் ஒரு நாள் நடையின் நீளத்தைத் தீர்மானித்தது. அந்த நீளம்தான் வழியில் எதைப் பார்க்கலாம், உடம்பு உயரத்துக்குப் பழகுமா பழகாதா என்பதைத் தீர்மானித்தது.

1815இல் கூர்க்காக்களை வென்ற ஆங்கிலேயர் கார்வாலின் கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்டார்கள். கேதாரும் பத்ரியும் அதற்குள் வந்தன. குமாவுன் ஆணையராக இருந்த டிரெயில், 1820களின் இறுதியில் யாத்திரைப் பாதையைச் சீராக்கத் தொடங்கினார். பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. யாத்திரிகருக்கு அன்னமிடுவதற்காக முன்னோர் கோயில்களுக்கு எழுதிவைத்த கிராமங்களின் வருமானமே அதற்குச் செலவானது. சோறாகப் போகவேண்டிய அறக்கட்டளைப் பணம் பாதையாக மாறிற்று. பாதை வந்ததும் அதையொட்டிச் சில மைல்களுக்கு ஒன்றாக ‘சட்டி’ எனப்பட்ட தங்கல்கள் முளைத்தன. யமுனோத்ரி வழியின் ஜானகி சட்டி, பத்ரி வழியின் ஹனுமான் சட்டி என்ற பெயர்களில் அவை இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன.

சட்டியின் வணிக முறை எளிமையானது. கல்லும் புல்லும் வைத்துக் கட்டிய நீண்ட கொட்டகை. ஒரு பக்கம் கடை. கடைக்காரரிடம் மாவு, அரிசி, பருப்பு, நெய் வாங்கினால் தங்குவதற்கு வாடகை கிடையாது, சமைக்கப் பாத்திரமும் கிடைக்கும். யாத்திரிகர் தாமே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பிறர் கைப்பட்ட உணவைத் தொடாத தென்னாட்டு ஆசாரக் குடும்பங்களுக்கு இந்த முறை வசதியாகவே இருந்தது. மாவை விட்டு அரிசியைத் தேடுவதுதான் அவர்கள் பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காளி கம்ளிவாலா பாபா எனப்பட்ட துறவி ரிஷிகேசத்தில் தொடங்கிய அறநிலையம் வழிநெடுக தர்மசாலைகளையும் மருந்தகங்களையும் அன்னசாலைகளையும் வைத்தது. நடக்க முடியாதவரை முதுகில் கட்டிய கூடையில் ஒரே ஆள் சுமந்தார், அது கண்டி. நான்கு பேர் தோளில் தூக்கியது டாண்டி.

ஹரித்வாரில் புறப்பட்டுக் கேதாரையும் பத்ரியையும் கண்டு திரும்ப ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆனது. ரிஷிகேசத்துக்கு அப்பால் கங்கையைக் கடக்கும் லட்சுமண் ஜூலா முதலில் கயிற்றுப் பாலம். 1889இல் இரும்பு வடப் பாலம் வந்தது. 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோனது. இன்று எல்லோரும் படத்தில் பார்க்கும் பாலம் 1930இல் திறக்கப்பட்டது. அதைத் தாண்டினால் தேவப்பிரயாகையில் ரகுநாதர் கோயில், கார்வாலின் ஸ்ரீநகர், ருத்ரப்பிரயாகை, அங்கிருந்து மந்தாகினிக் கரையில் கேதார வழி, மறுபுறம் அலகநந்தைக் கரையில் ஜோஷிமட வழி. ஜோஷிமடத்தின் நரசிம்மர் கோயிலைத்தான் வைணவர் திருப்பிரிதி என்கிறார்கள். நாளொன்றுக்குச் சில சட்டி தூரம் நடந்தவர்களுக்கு வழியிலிருந்த ஒவ்வொரு கோயிலும் தானாகவே தரிசனமானது. தனியாக ‘சுற்றிப் பார்க்க’ என்று அவர்கள் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிஷிகேசத்திலிருந்து 3,100 மீட்டருக்கு மேலிருக்கும் பத்ரிக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டதால், மூச்சும் இரத்தமும் வழியிலேயே உயரத்துக்குப் பழகின. காலராவும் குளிரும் கொன்ற அளவுக்கு உயரம் அவர்களைக் கொல்லவில்லை.

மலை சரியும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. 1893இல் பிரேஹி கங்கையில் மலை இடிந்து விழுந்து கோஹ்னா ஏரி உருவானது. அது எப்போது உடையும் என்று பொறியாளர்கள் கணித்தார்கள். ஏரியிலிருந்து கீழே ஹரித்வார் வரை தந்திக் கம்பி போடப்பட்டது. 1894 ஆகஸ்டில் உடைந்தபோது ஸ்ரீநகர் ஊரே அடித்துச் செல்லப்பட்டது, ஆனால் மக்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தார்கள். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஏரிப்பக்கம் திரும்பிப் போன ஒரு பக்கிரியின் குடும்பத்தைத் தவிர உயிர்ச்சேதம் இல்லை. பின்னால் வரும் இரண்டு விபத்துகளோடு ஒப்பிடும்போது இது நினைவில் வைக்கத்தக்கது.

இரயில் வந்ததும் யாத்திரையின் அடிவாரம் நெருங்கியது. ஹரித்வாருக்கு 1886இலும் டேராடூனுக்கு 1900இலும் இருப்புப்பாதை போனது. பம்பாய்த் தமிழர்கள் இந்தக் கதைக்குள் வருவது இதற்குப் பிறகு. 1896இல் பிளேக் தாக்கிய பின் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனை பிரித்தது. 1920களிலும் 30களிலும் தென்னிந்தியக் குமாஸ்தாக் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. ஆஸ்திக சமாஜம், பஜனை சமாஜம், சங்கர மடம் என்று சில தெருக்களுக்குள்ளேயே ஒரு சிறு கும்பகோணம் உருவானது. உபன்யாசமும் பஜனையும் கேட்கக் கூடிய இடத்திலேயே யாத்திரைக் கூட்டமும் சேர்ந்தது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ புறப்படுபவரைவிட இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: இமயத்துக்குப் பாதி வழியில் குடியிருந்தார்கள், பம்பாயிலிருந்து டேராடூனுக்கு நேரடி எக்ஸ்பிரஸ் ஓடியது, இந்தியும் ஓரளவு கைவந்திருந்தது.

செம்பூர் அடுத்த தலைமுறையின் இடம். டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிலையம் அமைந்தது, உரத் தொழிற்சாலையும் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தன. படித்த தமிழர்கள் அங்கே பெருகினார்கள். மத்திய அரசு ஊழியருக்குக் கிடைத்த எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகை இவர்களின் பயணப் பழக்கத்தை வடிவமைத்தது என்றால் மிகையில்லை. நான்காண்டுக் காலத்தில் ஒருமுறை சொந்த ஊர், மறுமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் என்பது அதன் விதி. சொந்த ஊர் என்றால் பாலக்காடு அல்லது தஞ்சாவூர். ‘எங்கு வேண்டுமானாலும்’ என்ற மறுபாதி பல வீடுகளில் ஹரித்வாராகவோ காஷ்மீராகவோ மாறியது.

தாராவியின் கணக்கு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் இல்லை, பயணச் சலுகையும் இல்லை. சேர்த்த காசில் ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போய் அம்மன் கோயில் கொடையில் நிற்பதே அவர்களின் யாத்திரை. மும்பைத் தமிழரின் இமயப் பயணம் என்று பொதுவாகப் பேசும்போது அது பெரும்பாலும் மாட்டுங்கா, செம்பூர் நடுத்தர வர்க்கத்தின் பயணம் என்பதை மறக்கக் கூடாது.

இதே காலத்தில் கோயில் வழிக்கு இணையாக இன்னொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. 1928இல் இமாலயன் கிளப் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதன் இதழ் வெளிவந்தது. ஐரோப்பிய மலையேறிகளோடு வந்தவை மூன்று: கூடாரம், தனிச் சமையல்காரர், வரிசையாகப் பொதி சுமக்கும் கூலிகள். சட்டி இல்லாத இடத்திலும் இரவு தங்க முடியும் என்பதுதான் இதன் பொருள். பாதையை விட்டு விலகிப் போகலாம். ஆனால் விலகிப் போனவர்களும் கோயில்களின் பிடியிலிருந்து முழுதாக விடுபடவில்லை.

1934இல் எரிக் ஷிப்டனும் டில்மனும் செய்த பயணம் அதற்கு அழகான எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் ஒரே அர்ச்சகர் பத்ரியிலும் கேதாரிலும் ஒரே நாளில் பூசை செய்தார் என்று மலைமக்களிடம் ஒரு கதை உண்டு. பாதை வழியே போனால் இரண்டுக்கும் இடையே பல நாள் நடை. நேர்க்கோட்டில் பார்த்தால் சில பத்து கிலோமீட்டர்தான். இந்த இரண்டு ஆங்கிலேயரும் ஆங்தார்க்கே, பாசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களோடு அந்த நேர்வழியைத் தேடிப் புறப்பட்டார்கள். பத்ரிக்கு மேலே பனிமுகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கியபோது சிக்கிக்கொண்டது பனியில் அல்ல, மூங்கில் காட்டில். மழை விடவில்லை, உணவு தீர்ந்தது, மூங்கில் குருத்தும் காளானும் தின்று, கரடிகளோடு அவற்றுக்குப் போட்டியிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வீதம் நகர்ந்து ஒருவழியாகக் கேதாரப் பக்கத்து ஊரை அடைந்தார்கள். அர்ச்சகர் கதையை அந்த வழி நிரூபிக்கவில்லை. ஆனால் நவீன மலையேற்றத்தின் மிகச் சிறந்த பயணங்களில் ஒன்று ஒரு தலபுராணக் கதையால் தூண்டப்பட்டது.

பிராங்க் ஸ்மைத் என்ற மலையேறியின் கதையும் இதற்கு நெருக்கமானதுதான். 1931இல் காமேத் சிகரத்தை ஏறிவிட்டுத் திரும்பும்போது அவர் கண்ட பியூண்டார் பள்ளத்தாக்கு, 1938இல் அவர் எழுதிய நூலால் மலர்ப் பள்ளத்தாக்கு என்று உலகறிந்தது. அதற்கான வழி பிரிவது பத்ரிச் சாலையின் கோவிந்த்காட்டில். அதே வழியில்தான் சீக்கியரின் ஹேம்குண்ட் சாகிபும் இருக்கிறது. இன்று காங்கரியா என்ற சின்ன ஊரில் ஒரே இரவில் பக்தரும் பூப்பார்க்க வந்தவரும் அடுத்தடுத்த அறைகளில் தங்குகிறார்கள்.

இந்தக் கூடார வழி பம்பாயில் வேர்விட்டது. 1954இல் கிரிவிஹார் என்ற மலையேற்ற மன்றம் அங்கே தோன்றியது. இமாலயன் கிளப்பின் தலைமையிடம் கல்கத்தாவிலிருந்து பின்னாளில் பம்பாய்க்கு வந்தது. துணி வியாபாரியான ஹரீஷ் கபாடியா பல்லாண்டுகள் அதன் இதழைத் தொகுத்தார். 2003இல் லண்டன் ராயல் புவியியல் சங்கத்தின் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கடல்மட்டத்தில் இருக்கும் நகரம் மலையேறிகளை உருவாக்கியதற்குக் காரணம் அதன் முதுகில் இருக்கும் சஹ்யாத்ரி. மும்ப்ராவின் பாறைகளில் பயிற்சி, கல்சுபாயின் 1,646 மீட்டர் உச்சியில் ஓர் அம்மன் கோயில், ஹரிச்சந்திரகட்டில் பழைய சிவன் கோயிலை ஒட்டிய குகைகளில் இரவுத் தங்கல், ராஜ்மாச்சிக்கு ஏறும் வழியில் கொண்டானே பௌத்தக் குகைகள். மராத்திய இளைஞனுக்குக் கோட்டை ஏறுவது வரலாற்றுப் பாடமும் உடற்பயிற்சியும் கலந்த ஒன்று. மாட்டுங்கா, சயான் கல்லூரிகளில் அவனோடு படித்த தமிழ்ப் பிள்ளைகளும் மழைக்காலத்து ஞாயிறுகளில் கர்ஜத் லோக்கல் பிடித்தார்கள். தந்தை எல்.டி.சி.யில் பத்ரிக்குப் போன வீட்டில் மகன் டிரெக்கிங் போகத் தொடங்கினான். இரண்டும் ஒரே மலை என்பது இருவருக்கும் உடனே தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

ஏனென்றால் அதற்குள் கோயில் வழியிலிருந்து நடை கழன்றுவிட்டது. 1960இல் எல்லைச் சாலை அமைப்பு உருவானது. 1962 சீனப் போர் அதை முடுக்கிவிட்டது. படைக்காகப் போட்ட சாலையில் யாத்திரிகரின் பஸ் ஓடியது. 1960களின் இறுதியில் பத்ரியின் வாசலுக்கே வண்டி வந்தது. ரிஷிகேசத்தில் காலையில் ஏறினால் இரவில் பத்ரி. சட்டிகள் ஒவ்வொன்றாக மூடின. பஸ் நிற்காத ஊரில் கடைக்காரருக்கு என்ன வேலை? யாத்திரை கோயில்களின் பட்டியலாகச் சுருங்கியது. கேதாருக்கும் யமுனோத்ரிக்கும் மட்டும் கடைசி மலைப்பாதை மிஞ்சியது.

நடை வேறு கைகளுக்குப் போனது. ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் கூர்க்கா அதிகாரி 1964இல் காத்மாண்டுவில் மவுண்டன் டிராவல் நிறுவனத்தைத் தொடங்கி, மலையேற்றக் குழுக்களின் கூடாரத்தையும் சமையல்காரரையும் சிகரம் ஏற விரும்பாத சாதாரணப் பயணிக்கு விற்றார். டிரெக்கிங் என்ற தொழிலின் தொடக்கம் அது. இந்தியாவில் அந்த வேலையை மலிவு விலையில் செய்தது யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன். கூலியாள் கிடையாது, தன் பையைத் தானே சுமக்க வேண்டும், முகாம்களில் கூடாரமும் சோறும் தயாராக இருக்கும். குல்லு பள்ளத்தாக்கின் சந்திரகனி கணவாய் நடை அதில் பலருக்கும் முதல் இமய அனுபவம். 3,600 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கணவாயைத் தாண்டினால் மலானா. ஜம்லு தேவதையின் பெயரால் ஊர்ச் சபை நடத்தும், வெளியாள் சுவரைத் தொட்டாலும் தண்டம் கேட்கும் ஊர். ஏறும் பக்கத்தில் நக்கர் என்னும் ஊரின் கோட்டையும், ஓவியர் ரோரிக் வாழ்ந்த வீடும். இறங்கினால் மணிகரணின் வெந்நீர் ஊற்றும் குருத்வாராவும். யாத்திரை என்று யாரும் பெயர் வைக்காவிட்டாலும் ஒரு யாத்திரையில் கிடைக்கும் அத்தனையும் இதில் இருந்தன.

பிரிந்த இரண்டு வழிகளும் மீண்டும் ஒன்றான இடம் கயிலை. இங்கே ஒரு பம்பாய் இணைப்பும் உண்டு. கயிலைக்குத் தமிழர் நடந்தே போன பழைய தடம் அல்மோராவிலிருந்து லிபுலேக் கணவாய் வழி. பத்தமடையில் பிறந்து மலாயாவில் மருத்துவராக இருந்து ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தர் 1931இல் அவ்வழியே கயிலை போய்வந்தார். 1954இன் இந்திய-சீன ஒப்பந்தம் யாத்திரிகர் கடக்கக்கூடிய ஆறு கணவாய்களைப் பெயர் சொல்லிக் குறித்தது, லிபுலேக் அவற்றில் ஒன்று. 1962 போரோடு அது மூடப்பட்டது. ஒரு தலைமுறைக் காலம் கயிலை மறுபடி பாட்டிலும் படத்திலும் மட்டும் இருந்தது. 1981 ஏப்ரலில் பெய்ஜிங் சென்ற சுப்பிரமணியன் சுவாமி, டெங் சியோபிங்கிடம் அந்த வழியைத் திறக்கக் கேட்டார். மயிலாப்பூரில் பிறந்த அவர் அப்போது பம்பாய் வடகிழக்குத் தொகுதியின் மக்களவை உறுப்பினர். அவ்வாண்டே வழி திறந்தது. முதல் குழுவோடு அவரும் நடந்தார்.

வெளியுறவு அமைச்சகம் ஆளைத் தேர்ந்தெடுக்க, குமாவுன் மண்டல் விகாஸ் நிகம் தங்கலும் உணவும் தர, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை கூட வர, அமைந்தது ஒரு விந்தையான கலவை: அரசு நடத்தும் யாத்திரை, மலையேற்ற முகாம்களில் தங்கல். டில்லியில் மருத்துவப் பரிசோதனை. உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். காட்கோதாம், அல்மோரா, தார்சூலா வரை பஸ். பிறகு காலா, புத்தி, குஞ்சி, காலாபானி, நபிதாங் என்று ஒரு நாளைக்கு ஒரு முகாம். காலாவிலிருந்து காளி நதிக்கு இறங்கும் 4,444 படிகளை நினைத்து முழங்காலைத் தடவிக்கொள்ளாத பழைய யாத்திரிகர் இருக்க முடியாது. சியாலேக் புல்வெளி முழுக்கப் பூ. அதைத் தாண்டினால் கர்ப்யாங்: திபெத்தோடு உப்பும் கம்பளியும் வணிகம் செய்த ரங் மக்களின் ஊர், கணவாய் மூடியதும் பிழைப்பிழந்த ஊர், செதுக்கிய மரக்கதவுகளோடு மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. குஞ்சியில் நின்று இரண்டாம் பரிசோதனை. நபிதாங்கிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டுக் காற்று எழுமுன் 5,334 மீட்டர் லிபுலேக்கைக் கடக்க வேண்டியிருந்தது. மறுபுறம் தக்லாகோட், மானசரோவர், பிறகு கயிலையைச் சுற்றி மூன்று நாளில் ஏறக்குறைய 52 கிலோமீட்டர். நடுவே 5,600 மீட்டர் தாண்டும் டோல்மா கணவாய். கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதிதான் அங்கே. திரும்பும் வழியில் ஜாகேஸ்வர்: தேவதாரு காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள்.

நான்கு வார அளவிலான இந்தப் பயணம் பழைய சட்டி முறையின் வேகத்தை அரசாங்க வடிவில் மீட்டது என்று சொல்லலாம். மெதுவாக ஏறுவது கட்டாயமாக இருந்தது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது இன்றைய மலை மருத்துவத்தின் பரிந்துரை. முகாம்களின் வரிசையும், குஞ்சியில் கூடுதலாக நிறுத்துவதும் அந்த எச்சரிக்கைக்கு இடம் தந்தன.

ஆனால் முகாம் எங்கே போடுவது என்பதில் ஒரு தவறு போதும். 1998 ஆகஸ்ட் 18 அதிகாலையில், ஆற்றோரத்துச் சிற்றூரான மால்பா மீது மலையே சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த அறுபது யாத்திரிகரோடு, ஊராரும் கூலிகளும் காவலரும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பம்பாயில் வாழ்ந்து ஒடிசி நடனத்துக்கு வந்து, நிருத்யகிராமத்தை நிறுவிய புரொதிமா பேடி அவர்களில் ஒருவர். அதன்பின் மால்பாவில் யாத்திரிகர் இரவு தங்குவதில்லை. 2013 ஜூன் 16, 17இல் சோராபாரி ஏரி உடைந்து கேதாரில் இறங்கியபோது பாதையிலிருந்த ராம்பாடா என்ற தங்கல் ஊர் முற்றாக மறைந்தது, மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். 1894இல் தந்திக்கம்பி காப்பாற்றிய பள்ளத்தாக்குகளின் அக்கம்பக்கத்தில், செயற்கைக்கோள் காலத்தில் எச்சரிக்கை எட்டவில்லை. கேதாரப் பாதையை மந்தாகினியின் எதிர்க்கரைக்கு மாற்றி மறுபடி அமைத்தது உத்தரகாசியின் நேரு மலையேற்றக் கழகம். 1965இல் சிகரம் ஏறக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய கழகம் கடைசியில் கோயிலுக்கு வழி போட்டது.

தமிழ் வைணவருக்குக் கணவாயும் கோயிலும் ஒரே நடையில் கிடைக்கும் தலம் நேபாளத்தில் இருக்கிறது. சாளக்கிராமம் என்று அவர்கள் கொள்ளும் முக்திநாத் ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரம். 1977இல் அன்னபூர்ணா சுற்றுவழி வெளிநாட்டவருக்குத் திறந்த பிறகு, உலகெங்கிலுமிருந்து வரும் டிரெக்கர்கள் 5,416 மீட்டர் தோரோங் கணவாயைத் தாண்டி இறங்கும் முதல் ஊர் ஆழ்வார் பாடிய திவ்யதேசமாக இருந்தது. கோயிலில் 108 நீர்த்தாரைகள். பூசைப் பொறுப்பில் பௌத்தப் பெண்துறவியரும் உண்டு. அருகே நிலவாயு தானாக எரியும் ஜ்வாலா மாயி. மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் போகும் குழுக்கள் பெரும்பாலும் கணவாயைப் பார்ப்பதில்லை. ஜோம்சோமுக்குச் சிறு விமானம், அங்கிருந்து ஜீப், தாரைகளில் குளியல், மறுநாள் திரும்பல். தமிழ்நாட்டு அரசும் 2012இல் மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் போய்வருபவர்களுக்கு மானியம் அறிவித்தது.

வேகத்துக்கு விலை உண்டு. ஹெலிகாப்டரில் சில நிமிடங்களில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேதாரை அடைந்துவிடலாம். நேற்று செம்பூரில் கடல்மட்டத்தில் படுத்தவருக்கு நாளை தலைவலியும் வாந்தியும் வரலாம், சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். கண்டியில் உட்கார்ந்து போன பாட்டிமாருக்கு இந்த ஆபத்து குறைவாக இருந்தது. கேதாரக் கோயிலின் பின்புறத்தில் 2013 வெள்ளம் கொண்டுபோன சங்கரர் சமாதி இருந்த இடத்தில் 2021 நவம்பரில் மைசூர்ச் சிற்பி செதுக்கிய 12 அடிச் சிலை எழுந்தது. ஹெலிகாப்டர் பயணச்சீட்டில் திரும்பும் நேரம் குறித்திருப்பதால் அதைப் பார்க்காமலே இறங்குவோர் உண்டு.

லிபுலேக் வழியிலும் நடை தேய்ந்துவிட்டது. 2020 மே மாதம் கணவாயை நோக்கிச் சாலை திறந்தது. தொற்றாலும் எல்லைச் சிக்கலாலும் ஐந்து ஆண்டு நின்ற கயிலை யாத்திரை 2025 கோடையில் மறுபடி தொடங்கியபோது, இந்தியப் பக்கத்தின் முகாம் நடையில் பெரும்பகுதியை வண்டிகள் எடுத்துக்கொண்டிருந்தன. கயிலைச் சுற்று மட்டும் காலால். அதே சாலைப் பணியால் குஞ்சிக்கு அப்பால் ஜோலிங்கோங்கிலிருந்து தெரியும் ஆதி கயிலாயம் வார விடுமுறைச் சுற்றுலாவாக மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் பிரதமர் வந்துபோனதும் கூட்டம் பெருகியது.

நடந்தே ஆகவேண்டிய கோயில்கள் இன்னும் சில உண்டு. பஞ்ச கேதாரங்களில் மத்யமகேஸ்வரும் ருத்ரநாத்தும் அப்படி. ருத்ரநாத்தின் குளிர்கால இருப்பிடமான கோபேஸ்வரின் பெரிய திரிசூலத்தையும் கோபிநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு ஏறினால், இரண்டு நாள் ஏற்றத்தில் காடும் புல்வெளியும் கடந்து குகைக்கோயில். தங்கல் என்பது மாட்டிடையர் குடில் அல்லது கோயிலின் ஓர் அறை. ரூப்குண்ட் ஏரியும் அப்படி நடந்தே போகவேண்டிய இடம். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை, கடைசியாக 2014இல் நடந்த நந்தாதேவி ராஜஜாத் ஊர்வலம் அந்த வழியே போகிறது. ஏரிக்கரையில் கிடக்கும் எலும்புகள் பற்றி 2019இல் வெளியான மரபணு ஆய்வு, சில ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியர்களுடையவை என்றும், வேறு சில கி.பி. 1800 அளவில் இறந்த கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி மக்களுடையவை என்றும் சொன்னது. மும்பை டிரெக்கிங் குழுக்களுக்கு மிகப் பிடித்த வழியாக அது இருந்தது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல் போகக் கூடாது என்றும், நிலையான கட்டடங்களை அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. ஆலி, பேத்னி புல்வெளிகளில் கூடாரம் போட முடியாமல் போனதும் ரூப்குண்டைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.